பெருக்கலில் தெரியும் விடை

(எஸ்.ஏ.டி. தேர்வு எழுத இருக்கும் மாணவர்களுக்காக நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விரும்புவோர் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் பல்லுறுப்புக்கோவைக் கணக்குகளையும் காரணிப்படுத்தும் கணக்குகளையும் எப்படி அணுகுவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தெரியாத எண்ணை இன்று பலகையில் ‘க’ என்றே எழுதப் போகிறேன். தேர்வுத் திரையில் அந்த இடத்தில் எக்ஸ் இருக்கும். மற்றபடி கணக்கு ஒன்றுதான்.

முதலில் தேர்வைப் பற்றிச் சில வரிகள். காலேஜ் போர்டு என்ற அமைப்பு இதை நடத்துகிறது. முதல் தேர்வு 1926 ஜூன் மாதம் நடந்தது. காகிதத்தில் எழுதிவந்த தேர்வு, 2023-இல் அமெரிக்காவுக்கு வெளியிலும் 2024-இல் அமெரிக்காவிலும் கணினிக்கு மாறியது. கணிதத்துக்கு இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 22 கேள்விகள், 35 நிமிடம். ஒரு கேள்விக்குச் சராசரியாக 95 விநாடி கிடைக்கிறது. முதல் பகுதியை நீங்கள் செய்த விதத்தைப் பொறுத்து இரண்டாம் பகுதி எளிதாகவோ கடினமாகவோ வரும். ஏறத்தாழ நான்கில் மூன்று கேள்விகளுக்கு நான்கு விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். மற்றவற்றுக்கு விடையை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. உயர்நிலைக் கணிதம் என்று அவர்கள் வகுத்திருக்கும் பிரிவு மட்டுமே கணிதக் கேள்விகளில் சுமார் 35 விழுக்காடு. இன்று நாம் பேசப்போகும் கணக்குகள் பெரும்பாலும் அந்தப் பிரிவில்தான் வரும்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு இதற்கு வேண்டிய கருவிகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. மீதித் தேற்றம், காரணித் தேற்றம், தொகுமுறை வகுத்தல் எல்லாம் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் உண்டு. இருபடிச் சமன்பாடு பத்தாம் வகுப்பில் வருகிறது. ஆனால் நம் பொதுத்தேர்வில் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு. விடை தவறினாலும் ஸ்டெப் மார்க் காப்பாற்றும். அதனால் முழுக்க விரித்து, வரிக்கு வரி எழுதி, இறுதியில் விடைக்கு வரும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு ஊறியிருக்கிறது. நல்ல பழக்கம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எஸ்.ஏ.டி.யில் வழிமுறையை யாரும் பார்ப்பதில்லை. கடைசி விடை மட்டும்தான் கணக்கு. அங்கே எழுதத் தொடங்குவதற்கு முன்னால் கோவையைப் பார்க்கத் தெரிய வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவே: ஒரு கோவைக்குப் பல வடிவங்கள் உண்டு, ஒவ்வொரு வடிவமும் ஓர் உண்மையை வெளிக்காட்டும். கேள்வி எந்த உண்மையைக் கேட்கிறதோ, அதைக் காட்டும் வடிவத்துக்குப் போங்கள்.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். காரணிப்படுத்துவது எதற்காக? க² − 5க + 6 = 0 என்ற சமன்பாட்டை (க − 2)(க − 3) = 0 என்று எழுதியதும் விடை 2, 3 என்று சொல்லிவிடுகிறோம். ஏன் சொல்ல முடிகிறது? இரண்டு எண்களைப் பெருக்கிச் சுழியம் வந்தால், அவற்றில் ஒன்றாவது சுழியமாக இருந்தே தீர வேண்டும். இந்தக் குணம் சுழியத்துக்கு மட்டுமே உண்டு.

இதை உணராதவர்கள் எங்கே வழுக்குகிறார்கள் என்று பாருங்கள். (க − 2)(க − 3) = 12 என்று கேள்வி வருகிறது. காரணிகள் கண்ணெதிரே இருப்பதால் க − 2 = 12, க − 3 = 12 என்று எழுதிவிடுவார்கள். இரண்டு எண்களின் பெருக்கல் 12 என்றால் அவை 3, 4 ஆகலாம், 2, 6 ஆகலாம், 24-உம் அரையும் ஆகலாம். அதிலிருந்து எதையும் முடிவு கட்ட முடியாது. 12-ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்தால் க² − 5க − 6 = 0, அதாவது (க − 6)(க + 1) = 0. விடை 6 அல்லது −1. இரண்டையும் பொருத்திப் பாருங்கள்: 4 × 3 = 12; (−3) × (−4) = 12. சரியாக இருக்கிறது.

வலப்பக்கம் சுழியமாக்குவது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. மனித குலம் அந்த இடத்துக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. எந்த எண்ணைச் சுழியத்தால் பெருக்கினாலும் சுழியமே என்ற விதியைப் பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிராம்மஸ்புட சித்தாந்தத்தில் தந்துவிட்டார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி, ஒரு வர்க்கமும் அதன் மூலத்தின் 10 மடங்கும் சேர்ந்து 39 என்ற கணக்கைப் போட்டுக் காட்டினார். க² + 10க = 39. வர்க்கப்பூர்த்தி முறையில் அவர் கண்ட விடை 3. அவர் உறுப்புகளை எல்லாம் கூட்டல் குறியோடு இரு பக்கமும் வைத்துக்கொண்டவர். எதிர்மறை விடைகளை ஏற்றுக்கொள்ளாதவர். இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் எழுதி, அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து 1631-இல் வெளிவந்த நூலில், ஈருறுப்புகளைப் பெருக்கிச் சமன்பாடுகளை உருவாக்கும் முறை வருகிறது. 1637-இல் டேக்கார்ட், மூலம் தெரிந்தால் அதற்குரிய ஈருறுப்பால் சமன்பாட்டை வகுத்துவிடலாம் என்று எழுதினார். அந்த முறையில் அல்-குவாரிஸ்மியின் கணக்கைப் பார்த்தால் (க − 3)(க + 13) = 0. மறைந்திருந்த −13 வெளியே வந்துவிடுகிறது. பெருக்கல் வடிவத்தின் வலிமை இதுதான்.

இனி வடிவங்களுக்கு வருவோம். ப(க) = க² − 8க + 12 என்ற கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படி விரித்த நிலையில் அது காட்டுவது 12-ஐ. வரைபடம் செங்குத்து அச்சை வெட்டும் இடம் அது. (க − 2)(க − 6) என்று எழுதினால், கிடை அச்சை 2-இலும் 6-இலும் வெட்டுவது தெரிகிறது. (க − 4)² − 4 என்று எழுதினால், பரவளையத்தின் அடிப்புள்ளி க = 4 என்ற இடத்தில் இருக்கிறது, மிகக் குறைந்த மதிப்பு −4 என்பது தெரிகிறது. மூன்றும் ஒரே கோவைதான். எஸ்.ஏ.டி.யில் நான்கு சமானக் கோவைகளைக் கொடுத்து, சிறும மதிப்பை மாறிலியாகக் காட்டுவது எது என்று கேட்பார்கள். நான்குமே சரியான கோவைகளாக இருக்கலாம். கேட்டதைக் காட்டுவது ஒன்றுதான். விரித்துச் சரிபார்க்கத் தொடங்குபவர் நேரத்தை இழப்பார். வடிவத்தைப் படிக்கத் தெரிந்தவர் உடனே குறித்துவிட்டு நகர்வார்.

காரணிப்படுத்தும்போது எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? முதலில் பொதுக் காரணி. அதை வெளியே எடுக்காமல் எதுவும் செய்யாதீர்கள். அடுத்து உறுப்புகளை எண்ணுங்கள். இரண்டு உறுப்புகள் என்றால் வர்க்கங்களின் வித்தியாசமா என்று பாருங்கள். (2க − 3)² − 25 என்பதை விரிக்கத் தேவையில்லை. அது 5-இன் வர்க்கத்தைக் கழித்தது. எனவே (2க − 8)(2க + 2), அதாவது 4(க − 4)(க + 1).

மூன்று உறுப்புகள் என்றால், முதல் கெழுவையும் மாறிலியையும் பெருக்குங்கள். 6க² + க − 12 என்ற கோவையில் அது −72. பெருக்கினால் −72, கூட்டினால் 1 தரும் இரண்டு எண்கள் 9-உம் −8-உம். நடு உறுப்பைப் பிரித்து 6க² + 9க − 8க − 12 என்று எழுதினால் 3க(2க + 3) − 4(2க + 3), முடிவில் (3க − 4)(2க + 3). க⁴ − 13க² + 36 போன்ற நான்காம் படிக் கோவையைக் கண்டு பின்வாங்காதீர்கள். க²-ஐ ஒரே எண்ணாக நினைத்தால் அது சாதாரண மூவுறுப்புதான்: (க² − 4)(க² − 9). பிறகு இரண்டும் இன்னொரு முறை பிரியும்.

நான்கு உறுப்புகள் என்றால் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பாருங்கள். க³ − 3க² + 4க − 12 என்பது க²(க − 3) + 4(க − 3), அதாவது (க − 3)(க² + 4). இதற்கு எத்தனை மெய்யெண் தீர்வு என்று கேட்டால், க² + 4 ஒருபோதும் சுழியம் ஆகாது. எனவே ஒன்றே ஒன்று. முப்படிக்கு மூன்று தீர்வு என்று மனப்பாடமாகச் சொல்பவர்கள் இங்கே தவறுவார்கள்.

இரட்டைக் காரணி வந்தால் வரைபடத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். (க − 1)²(க + 3) என்ற கோவையின் வளைகோடு −3-இல் அச்சை வெட்டிக் கடந்து செல்லும். 1-இல் அச்சைத் தொட்டுவிட்டு வந்த பக்கமே திரும்பும். வர்க்கம் குறி மாறாது என்பதே காரணம்.

அடுத்தது காரணித் தேற்றம். என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான தேற்றம் இது. ப(க) என்ற கோவையை (க − 4) ஆல் வகுத்தால் ஓர் ஈவும் ஒரு மீதியும் வரும்: ப(க) = (க − 4) × ஈவு + மீதி. இதில் க = 4 என்று போடுங்கள். முதல் பகுதி முழுவதும் மறைந்து மீதி மட்டும் நிற்கும். எனவே ப(4) என்பதே மீதி. ப(4) = 7 என்று மட்டும் சொல்லி, எது கட்டாயம் உண்மை என்று கேட்டால், (க − 4) ஒரு காரணி, (க + 4) ஒரு காரணி என்ற விடைகளைத் தள்ளிவிட்டு, (க − 4) ஆல் வகுத்தால் மீதி 7 என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோவையே தெரியாமல் அதைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறோம் பாருங்கள்!

மீதி சுழியம் என்றால் வகுத்தது காரணி. க³ + 2க² − 5க + ம என்ற கோவைக்கு (க − 2) ஒரு காரணி, ம என்ன என்று கேட்டால் நீள் வகுத்தலுக்குப் போக வேண்டாம். க = 2 போட்டால் 8 + 8 − 10 + ம = 0; ம = −6. அதன்பின் தொகுமுறை வகுத்தலில் க² + 4க + 3 கிடைக்கும். முழுக் காரணிகள் (க − 2)(க + 1)(க + 3). இங்கே குறியைக் கவனியுங்கள். (க + 3) காரணி என்றால் பொருத்த வேண்டிய எண் −3. கொடுக்கப்படும் தவறான விடைகளில் இந்தக் குறிப் பிழையால் வருவதும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பாருங்கள்.

சில கேள்விகளில் தீர்வுகளைக் கண்டுபிடிக்கவே தேவையில்லை. 2க² − 14க + 9 = 0 என்ற சமன்பாட்டின் தீர்வுகளின் கூடுதல் என்ன? இதன் தன்மைக்காட்டி 196 − 72 = 124. அது முழு வர்க்கம் இல்லை, ஆகவே முழு எண்களில் காரணி பிரியாது. ஆனாலும் கூடுதல் 14 ÷ 2 = 7 என்று உடனே தெரியும்; பெருக்கல்தொகை 9/2. இதேபோல, இரண்டு எண்களின் வர்க்கங்களின் வித்தியாசம் 84, அந்த எண்களின் வித்தியாசம் 6, கூடுதல் என்ன என்று கேட்டால், 84 ÷ 6 = 14. எண்கள் 10, 4 என்று தனித்தனியாகக் கண்டு கூட்ட வேண்டியதில்லை. கேள்வியின் கடைசி வரியை முதலில் படியுங்கள். அங்கே கேட்டதை மட்டும் தேடுங்கள்.

இன்னொரு வகைக் கணக்கில் ஒரு விடை கண்டதும் நிறுத்திவிடக் கூடாது. (அக + 3)(ஆக + 5) = 12க² + இக + 15 என்பது க-வின் எல்லா மதிப்புக்கும் உண்மை; அ + ஆ = 7; இ-யின் இரண்டு மதிப்புகள் என்ன? இடப்பக்கத்தை விரித்தால் க²-இன் கெழு அ × ஆ. அது 12. கூடுதல் 7, பெருக்கல் 12 என்றால் எண்கள் 3-உம் 4-உம். எது அ, எது ஆ என்று கேள்வி சொல்லவில்லை. இ = 5அ + 3ஆ என்பதால், ஒரு வழியில் 15 + 12 = 27; மறு வழியில் 20 + 9 = 29. இரண்டையும் சொன்னால்தான் விடை.

ஒரு பிழையை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 3க² = 12க என்று வந்தால் இரு பக்கமும் க-வால் வகுத்து க = 4 என்று முடித்துவிடாதீர்கள். க சுழியமாக இருந்தால் அந்த வகுத்தலே செல்லாது. வகுத்த கையோடு ஒரு தீர்வும் போய்விடும். 3க(க − 4) = 0 என்று எழுதினால் 0, 4 இரண்டும் இருக்கும். மாறியால் வகுக்கத் தோன்றும் ஒவ்வொரு முறையும் பொதுக் காரணியாக வெளியே எடுங்கள்.

இப்போது பெற்றோர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. தேர்வுத் திரையிலேயே டெஸ்மாஸ் என்ற வரைபடக் கால்குலேட்டர் இருக்கிறதே, கணிதப் பகுதி முழுவதும் அதைப் பயன்படுத்தலாமே, பிறகு காரணிப்படுத்தக் கற்பது எதற்கு? கோவையைத் தட்டினால் வளைகோடு அச்சை எங்கே வெட்டுகிறது என்று அது காட்டும். தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் வளைகோடு 2-இல் வெட்டுவதைப் பார்த்ததும், அப்படியானால் (க − 2) ஒரு காரணி என்று சொல்லத் தெரிய வேண்டும் அல்லவா? படத்துக்கும் கோவைக்கும் நடுவே அந்த உறவைக் கட்டித் தருவது காரணித் தேற்றம். தெரியாத மாறிலிகள் இரண்டு மூன்று சேர்ந்து வரும் கேள்விகளிலும், எது கட்டாயம் உண்மை என்ற கேள்விகளிலும் படம் வழியைக் காட்டாது. அங்கே உங்கள் அறிவுதான் துணை.

சரிபார்க்க ஓர் எளிய வழி சொல்கிறேன். கெழுக்கள் எல்லாம் கூட்டல் குறியோடு சிறிய எண்களாக இருந்தால் க = 10 என்று போடுங்கள். 2க² + 7க + 3 என்பது 273 ஆகும். கெழுக்களே இலக்கங்களாக வரிசையில் வந்து உட்காருகின்றன. 273 = 21 × 13. 21 என்பது 2க + 1, 13 என்பது க + 3. (2க + 1)(க + 3) விரித்தால் அதே கோவை. கழித்தல் குறிகள் வந்தாலும் எந்த எண்ணையாவது போட்டு இரு பக்கமும் ஒப்பிடலாம். ஆனால் 0, 1 ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். வேறுபட்ட கோவைகள்கூட அந்த மதிப்புகளில் எளிதில் ஒத்துப்போய் உங்களை ஏமாற்றிவிடும்.

பயிற்சிக்குப் பெரும் பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்று எந்தக் குடும்பமும் கவலைப்பட வேண்டாம். தேர்வு நடத்தும் அமைப்பின் புளூபுக் செயலியில் முழு மாதிரித் தேர்வுகள் இலவசம். கான் அகாடமியிலும் இலவசப் பயிற்சி உண்டு. ஒரு கணக்கை முடித்ததும் அடுத்ததற்கு ஓடாதீர்கள். விடை எந்த வடிவத்தில் தெரிந்தது, அந்த வடிவத்தை இன்னும் முன்பே பார்த்திருக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நூறு கணக்குகளை அவசரமாகப் போடுவதைவிட, பத்துக் கணக்குகளை இப்படித் திரும்பிப் பார்ப்பது உங்களை வளர்க்கும்.

முடிப்பதற்கு முன் உங்களுக்கு ஒரு கணக்கு. க⁴ + 4 என்பதைக் காரணிப்படுத்துங்கள். வர்க்கங்களின் கூடுதல் பிரியாது என்று படித்திருக்கிறோமே என்று தோன்றும். 4க² என்ற உறுப்பைக் கூட்டி, அதையே கழித்துப் பாருங்கள். (க² + 2)² − (2க)² என்றாகிறது. வர்க்கங்களின் வித்தியாசம் வந்துவிட்டது. எனவே (க² + 2க + 2)(க² − 2க + 2). சோஃபி ஜெர்மெயின் என்ற பிரெஞ்சுக் கணித மேதையின் பெயரால் வழங்கும் முற்றொருமையின் ஓர் எளிய வடிவம் இது. 1794-இல் பாரிசில் தொடங்கிய எக்கோல் பாலிடெக்னிக் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், அங்கு நடந்த பாடங்களின் குறிப்புகளைப் பெற்றுப் படித்து, லெ பிளாங்க் என்ற ஆணின் பெயரில் தம் விடைகளை அனுப்பியவர் அவர். இந்த அரங்கில் இருக்கும் பெண் பிள்ளைகள் அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த விடையில் க = 10 என்று போட்டால் 10004 = 122 × 82. கால்குலேட்டர் இல்லாமல் பெருக்கிச் சரிபாருங்கள். பிறகு க⁴ + 64 என்ற கோவையை எடுத்துக்கொண்டு, எந்த உறுப்பைக் கூட்டிக் கழித்தால் அது பிரியும் என்று நீங்களே தேடுங்கள். அதற்கு நான் விடை சொல்லப்போவதில்லை. அதைக் கண்டுபிடிக்கும் மகிழ்ச்சி உங்களுக்கே உரியது.